ஓட்டை இல்லாத கீரை

மயிலாப்பூர் குளத்தங்கரையில் கீரைக் கூடைக்காரியிடம் நாம் நால்வரும் குனிந்து நிற்கும்போது நான் மட்டும் பூச்சி அரித்த கட்டாகப் பார்த்துப் பொறுக்குவதை நீங்கள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறீர்கள். "இவளுக்குக் கண்ணு போச்சு" என்பீர்கள். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. போன ஆடியில்தான் புரை எடுத்துக்கொண்டேன், ஊசியில் நூல் கோக்க முடிகிறது. இத்தனை வருடம் சிரித்து மழுப்பிவிட்டேன். நம் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். படித்த பிறகு வாய்விட்டு ஒன்றும் கேட்காதீர்கள்.

எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது. அதில் நாங்கள் இருந்ததுதான் குறைவு. திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த பூமி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடிந்ததும் நைனா குடிசைக் கதவைக் கயிற்றால் கட்டுவார். அம்மா மூன்று மூட்டை கட்டுவாள்: பாத்திரம் ஒன்று, துணி ஒன்று, சாக்கில் சுற்றிய அரிவாள்கள் ஒன்று. கரும்பு வெட்டப் பண்ருட்டிப் பக்கம் போவோம். மழை விட்டதும் கீரை வேலைக்கு மெட்ராஸ். தை பாதியில் நெல் அறுக்கச் செங்கல்பட்டுப் பக்கம். பள்ளிக்கூடம் எல்லா ஊரிலும் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

மெட்ராஸில் விவசாயமா என்று கேட்பீர்கள். இருந்தது. அபிராமபுரத்துக்குத் தெற்கே, இன்று அடுக்குமாடிகளாக நிற்கிறதே, அந்த அடையாற்றங்கரை முழுக்க அப்போது கீரைத் தோட்டம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. ஆற்றுச் சேறும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த வாசனை பகலெல்லாம் இருக்கும், சாயங்காலம் கடல் காற்று வந்து அதை அள்ளிக்கொண்டு போகும். தோட்டத்தின் சொந்தக்காரர் யாரென்று எனக்குக் கடைசி வரை தெரியாது. மேஸ்திரிதான் எங்களுக்கு எல்லாம். காதில் பீடியைச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றபடியே பேசுவார். அவர் பாத்திக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

விடியும் முன்னே பறித்து, வாழைநாரால் கட்டி, கூடையில் அடுக்கி, அம்மாவும் நானும் கிளம்புவோம். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர் பிடரி வழியாக முதுகுக்குள் இறங்கும். மார்கழிக் குளிரில் அது ஒரு தண்டனை. மந்தைவெளி தாண்டி, சாந்தோம் வரை நடை. அங்கே மாதா கோயிலுக்குப் பின்தெருவில்தான் கடைசி வீடு.

அந்த வீட்டில் ஒரு டீச்சரம்மாவும் அவருடைய மகளும் மட்டும் இருந்தார்கள். அவர் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. மகளுக்கு என் வயது, ஒன்பது. கூடத்தில் இயேசு படத்தின் கீழே பகலிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அம்மா கீரையை எடுத்துக் கொடுப்பதற்குள் அந்தப் பெண் வாசல்படியில் வந்து உட்கார்ந்து தன் பறவைப் படப் புத்தகத்தை எனக்கு விரித்துக் காட்டுவாள். மீன்கொத்தி பக்கம் வரும்போது, "இது உங்க தோட்டத்துல இருக்கா?" என்று கேட்பாள். இருக்கிறது என்பேன். அவள் கண்கள் விரியும். எங்களிடம் இருக்கும் ஒன்றைப் பார்த்து ஒருவர் ஆசைப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு பூச்சி விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் சல்லடை. வாங்கும் வீடுகளில் முகம் சுளித்தார்கள். மேஸ்திரி ஒரு தகர டப்பாவும் முதுகில் மாட்டும் மருந்து மிஷினும் கொண்டுவந்தார். டப்பாவில் மண்டை ஓடு படமும், இங்கிலீஷில் நிறைய எழுத்தும் இருந்தன.

நைனா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமோ எழுதிக் கீதே மேஸ்திரி, படிச்சிச் சொல்லேன்."

"மருந்துன்னு எழுதிக்கீது. வேற இன்னா எழுதுவான்? தண்ணில கலக்கு, அடி. மேலாண்டப் பாத்தில மொதல்ல அடிச்சிப் பாரு. பத்து நாளு அதுல கை வைக்காத. அவ்ளோதான்."

அவருக்கும் படிக்கத் தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பாத்திகளுக்கு நடுவே ஒரு பாதம் வைக்கும் அளவுதான் வரப்பு. மிதிக்காமல் நடக்க அம்மாவால்தான் முடியும். அதனால் மிஷினை அம்மாதான் மாட்டிக்கொண்டாள். கலக்கக் குச்சி தேடவில்லை, முழங்கை வரை கையை விட்டே கலக்கினாள். மிஷினின் அடிப்பக்கம் ஒழுகியது. அவளுடைய காவிநிறப் புடவை முதுகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. பூண்டு உரித்த மாதிரி ஒரு வாசனை. "நல்லாத்தான் வாசன வருது" என்று அம்மா சிரித்ததை நான் கேட்டேன். திங்கள் அடித்தாள். செவ்வாயும் அடித்தாள். புதன்கிழமை பாயைவிட்டு எழவில்லை.

தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் நிற்காமல் வழிந்தது. தொடைச் சதை தானாகத் துடித்தது. நைனா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பனிக்காச்சல்" என்றார். மிளகும் துளசியும் கொதிக்கவைத்துக் கொடுத்தார். அது அவள் வயிற்றில் தங்கவில்லை. குளிருகிறது என்று முனகினாள். வேலியில் காய்ந்துகொண்டிருந்த அந்தக் காவிப் புடவையை எடுத்துவந்து கழுத்து வரை இழுத்துப் போர்த்தினேன். காற்றில் விலகும் போதெல்லாம் மறுபடி இழுத்து, நுனியை அவள் தோளுக்கடியில் செருகினேன். பொறுப்பான பிள்ளை என்று நைனா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை கூடையோடு நான் தனியாகப் போனேன். டீச்சரம்மா கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாப்பா, இதப் பாரேன். ஒரே ஓட்டையா இருக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, எங்க வீட்டுல கறி கிடையாது. கீரைதான். ஓட்டை இல்லாம, நல்லதா ரெண்டு கட்டு கொண்டுவர்றியா?"

திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் என் தாடையைத் தொட்டுக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தோட்டத்தில் நின்றேன். எல்லாப் பாத்தியும் கந்தலாகக் கிடந்தது. மேற்குப் பாத்தி மட்டும் பளபளவென்று நின்றது, ஓர் இலையிலும் ஓட்டை இல்லை. பத்து நாள் என்று மேஸ்திரி சொன்னது எனக்குத் தெரியும். "மேலாண்டப் பாத்தியில பறிக்காத" என்று அம்மா பாயிலிருந்தே சொன்னதும் தெரியும். விரல் விட்டு எண்ணினேன், மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இதை இன்றுவரை திருத்தி நினைத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று, குழந்தை என்று. ஆனால் நான் எண்ணினேன். எண்ணிவிட்டுத்தான் பறித்தேன். ஊற்றுக்குழியில் மூன்று தடவை அலசினேன். மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் வரவில்லை. இரண்டே கட்டு. வேறு யாரும் கேட்டுவிடக்கூடாது என்று கூடையின் அடியில் ஒளித்துக் கொண்டுபோனேன்.

"அடடா, ஒரு ஓட்டை இல்ல பாரு!" என்றார் டீச்சரம்மா. அன்று அந்தப் பெண் எனக்கு மீன்கொத்திப் பக்கத்தோடு ஆந்தைப் பக்கத்தையும் காட்டினாள்.

சனிக்கிழமை காலை அந்த வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம் போ. அவங்க பெரியாஸ்பத்திரில கீறாங்க. அம்மாளுக்கும் பொண்ணுக்கும் வாந்தி பேதி. பொண்ணுக்கு வாயில நொர தள்ளிப்போச்சு. மீனு ஒத்துக்கலயோ இன்னாவோன்னு டாக்டருங்க முழிச்சிக்கினு கீறாங்களாம்."

மீன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தெருவில் நின்ற எல்லோரிலும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மந்தைவெளிச் சந்துகளில் ஓடியபோது கால் தரையில் பட்டதாக ஞாபகமே இல்லை.

நைனா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சொன்னேன். மண்வெட்டி அவர் கையிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கோபமே இல்லை அதில்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"வாயத் தொறக்காத. மூட்டயக் கட்டு. அம்மாவ ரிக்ஷால ஏத்திக்கலாம். போலீஸ் வர்றதுக்குள்ள போயிடணும்."

"நைனா, டாக்டருக்கு மீனுன்னு தான் தெரியும். மருந்துன்னு தெரியாது."

"தெரியட்டும் தெரியாம போவட்டும். நம்மள யாரு நம்புவா? கட்டு மூட்டய!"

அவரை இப்போது என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஊர் ஊராக, கேட்காமல் விரட்டப்பட்ட மனிதர். எங்கே எது தொலைந்தாலும் முதலில் எங்கள் மூட்டையைத்தான் அவிழ்த்துப் பார்ப்பார்கள். அவர் கற்ற பாடம் ஓடுவது ஒன்றுதான். நானும் ஓடினேன், வேறு திசையில். நாங்கள் தங்கியிருந்த ஓலைக் கொட்டாய்க்குப் பின்னால் கிடந்த மருந்து டப்பாவை எடுத்துப் பாவாடையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். "ஏய், டப்பாவ எங்க எடுத்துக்கினு போற?" என்று மேஸ்திரி வரப்பில் நின்று கத்தினார். நைனா கத்தவில்லை.

வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தால், பெரியாஸ்பத்திரி வாசலில் என்னை உள்ளே விடவில்லை. அழுக்குப் பாவாடை, பரட்டைத் தலை, கையில் ஒரு தகர டப்பா. பிச்சைக்காரப் பிள்ளை என்று நினைத்தார்கள். "கீரைல மருந்து! கீரைல மருந்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த வழியாகப் போன ஒரு டாக்டரம்மா நின்றார். டப்பாவை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உதடு அசைவது நின்றது.

"எந்த வீட்டுக்குக் கொடுத்தே?"

சொன்னேன். அவர் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். படித்த பெண்கள் ஓடுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு நர்ஸ் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் என் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்தேய் என்று தேய்த்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ. டாக்டரம்மா திரும்பி வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"ஊசி போட்டாச்சு. ரெண்டு பேரும் பொழைச்சுக்குவாங்க. நீ நல்ல காரியம் பண்ணினே. இப்ப நீ சொல்லு. நீ அந்தக் கீரை சாப்பிட்டியா? உனக்கு வேர்க்குதா? வாயில எச்சில் ஊறுதா? கண்ணு மங்கலா தெரியுதா? கை கால் சதை துடிக்குதா?"

நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். கடைசிக் கேள்வி முடிந்தபோது என் தலை ஆடுவது நின்றுவிட்டது.

"எனக்கு இல்ல," என்றேன். "எங்கம்மாவுக்கு."

"அம்மா கீரை சாப்பிட்டாங்களா?"

"இல்ல. மருந்து அடிச்சாங்க."

"எப்பலேர்ந்து இப்படி?"

"புதன்கிழமையிலேர்ந்து."

டாக்டரம்மா மெல்ல எழுந்து நின்றார். "மருந்து பட்ட துணிய மாத்திட்டீங்கல்ல? அது உடம்புல இருந்தா தோல் வழியா ஏறிக்கிட்டே இருக்கும்மா."

என் கைகளைப் பார்த்தேன். சோப்புத் தேய்த்துச் சிவந்திருந்தன. அந்த நுனியைத் தோளுக்கடியில் செருகிய கைகள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, இன்னும் அந்த பெஞ்சிலிருந்து நான் முழுதாக எழவில்லை. யாரோ ஒரு வீட்டுக்காக நான் அவ்வளவு தூரம் ஓடினேன். மூன்று நாளாக என் பக்கத்திலேயே கிடந்தவளுக்காக ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நைனாவுக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கே தோன்றவில்லை. எங்களுக்கு வருவது காய்ச்சல். ஆஸ்பத்திரி அடுத்தவர்களுக்கு.

ஆஸ்பத்திரி வண்டியில் ஆற்றங்கரைக்குப் போனோம். நைனா மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார், அம்மாவின் தலை அவர் மடியில். ரிக்ஷாக்காரன் வர மறுத்துவிட்டானாம். ஆஸ்பத்திரி ஆள் முதலில் அந்தப் புடவையைத்தான் உருவி எறிந்தான்.

அம்மாவை அதே வார்டில் போட்டார்கள். டீச்சரம்மாவும் மகளும் நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார்கள். மறுநாள் அவருக்குத் தெளிவு வந்ததும் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"எதுக்கு பாப்பா அந்தக் கீரையைக் கொடுத்தே?"

"ஓட்ட இல்லாம கேட்டீங்கல்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அது கோபம் என்று தோன்றியது.

அன்றைக்கே ஒரு போலீஸ்காரரும் மேஸ்திரியும் வந்தார்கள். மேஸ்திரி கையில் ஆரஞ்சுப் பழம். "மருந்து அடிச்ச பாத்தில கை வைக்காதன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேங்க. இந்தப் பொண்ணுதான் வெளாட்டுத்தனமா பறிச்சிட்டுக் கீது" என்றார். மருந்தை வாங்கியது யார், கையால் கலக்கக் கூடாதென்று சொல்லாமல் விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முன்னால் வந்து நின்றார். முந்தின நாள் ஓடிப்போக மூட்டை கட்டிய அதே ஆள்.

"பொண்ணு இல்லீங்க. நான்தான் பறிச்சிக் குடுத்தனுப்பினேன்."

போலீஸ்காரர் டீச்சரம்மா பக்கம் திரும்பினார். "கீரை கொடுத்தது இந்தப் பொண்ணுதானே? அது என்ன சொல்லிக் கொடுத்துச்சு?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். டாக்டரம்மாவும் அங்கேதான் நின்றார். அவர் ஏதோ ஒரு சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் கத்திய நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. நைனாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மா கொஞ்சம் கண் விழித்தாள். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"அந்தப் புள்ள எப்டி கீது?"

"எழுந்து உக்காந்துச்சிம்மா. கஞ்சி குடிச்சுது."

"நீதான பறிச்சே?"

தலையாட்டினேன்.

"நைனாகிட்ட சொல்லாத. அடிக்கும்."

நைனா எங்கே என்று அவள் கேட்டாள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்றேன். அன்று மத்தியானம் மூச்சு வாங்கியது. மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எனக்கு இடுப்புகள்தான் தெரிந்தன. அவர்கள் விலகியபோது அம்மாவின் தொடைச் சதை துடிப்பது நின்றிருந்தது. நான் அதைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சிரித்தேன்கூட. நர்ஸ் என் முகத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அப்போதும் புரியவில்லை.

நைனாவைச் சுடுகாட்டுக்கு ஒரு போலீஸ்காரர் கூட்டிவந்தார். டீச்சரம்மா தன் தெருவிலிருந்து நாலு பேரை அனுப்பியிருந்தார். எங்களுக்கு அந்த ஊரில் தூக்க ஆள் இல்லை. எல்லாம் முடிந்ததும் போலீஸ்காரர், "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். விட்டுவிட்டார்கள் என்பதே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

நைனா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் ஸ்டேஷன்ல கீறேன்னு அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல நைனா."

"நல்லது."

அதற்குப் பிறகு பத்து வருடம் கழித்து நான் கல்யாணமாகி இதே ஊருக்கு வந்ததும், இங்கே எழுதப் படிக்கக் கற்றதும், உங்களோடு பழகியதும் உங்களுக்குத் தெரியும். சாந்தோம் பின்தெருவுக்கு ஒரே ஒரு தடவை போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பறவைப் புத்தகம் வைத்திருந்த பெண் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை உங்களைப்போல் அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். இருக்க வேண்டும்.

நெல் யாருக்காகவும் காத்திருக்காது. அம்மாவை எரித்த எட்டாம் நாள் நைனாவும் நானும் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அறுப்புக் கும்பலோடு வயலில் இறங்கினோம். பனி இன்னும் தாளில் இருந்தது. அங்கே வருடா வருடம் எங்களை வேலைக்கு எடுப்பவர் வேறொரு மேஸ்திரி. ஆள் எண்ணிக்கொண்டே வந்தவர் எங்களிடம் வந்ததும் நின்றார்.

"இன்னாப்பா, ரெண்டு பேராக் கீறீங்க? உம் பொண்டாட்டி எங்க?"

நைனா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடித்து அறுத்தார். அடுத்த பிடியையும் அறுத்தார்.

"பின்னால வர்றா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.